நுழைவு ஒன்று

எங்கள் வீட்டில் கடப்பிதழ்கள் சாமி மேடைக்குக் கீழே உள்ள இழுப்பறையில், பழைய பிஸ்கட் டின் ஒன்றுக்குள் இருக்கும். மொத்தம் நான்கு. மூன்று சிவப்பு, ஒன்று நீலம். அம்மா, நான், ஏழு வயது மகள் மூவருக்கும் சிவப்பு. நீலம் என் கணவருடையது. தஞ்சாவூர்க்காரர். சிங்கப்பூரில் நிரந்தரவாசியாகிப் பதினோரு ஆண்டுகள் ஆகிவிட்டன.

இதைப் படிக்கும் பல வீடுகளிலும் இந்த நிறக்கலவை இருக்கும் என்று எனக்குத் தெரியும். "இன்னும் ஏன் மாத்தல?" என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள் என்பதும் தெரியும். இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. ஒன்றை எடுத்தால் மற்றதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஊரில் அவருடைய அப்பா இருக்கும்வரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை என்று எங்களுக்குள் ஓர் உடன்பாடு. அவ்வளவுதான்.

நிற வித்தியாசம் அன்றாடத்தில் தெரியாது. பயணம் என்று வரும்போதுதான் தெரியும். இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் 30 நாள் விசா இல்லாமல் வரலாம் என்று மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் அனுமதித்தது. அதற்கு முன்பெல்லாம், "சனிக்கிழமை ஜோகூர் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமா?" என்று நண்பர்கள் கேட்டால் நாங்கள் ஏதாவது சாக்குச் சொல்வோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு தோசை சாப்பிட விசா எடுக்க வேண்டும் என்று சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்?

சரி, ஐரோப்பாவுக்கு வருகிறேன். ஜூன் பள்ளி விடுமுறை நெருங்குகிறது. வானொலியில் பயணம் பற்றிப் பேசும் நாள்களில் நேயர்கள் கேட்பதெல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பாரிஸ் போகிறோம், அப்படியே லண்டனும் பார்த்துவிடலாமா? சுவிட்சர்லாந்துக்குத் தனி விசா வேண்டுமா? நான் பதில் சொல்லும்போதெல்லாம் சென்ற ஆண்டு ஜூனில் பாரிஸ் ரயில் நிலையம் ஒன்றில் நின்ற இருபது நிமிடங்கள் நினைவுக்கு வரும். ஒலிவாங்கி முன் அதை முழுதாகச் சொன்னதில்லை. இங்கே சொல்கிறேன்.

அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, 1969-இல் 19 வயதில் தாதிப் பயிற்சிக்காக இங்கிலாந்து போனவர். அங்கேயே வேலை, அங்கேயே வீடு. இப்போது குரோய்டனில் தனியாக இருக்கிறார். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நீண்ட விமானப் பயணம் அவரால் முடியாது. என் திருமணத்துக்கும் வரவில்லை. "மாப்பிள்ளையக் கண்ணுல காட்டு" என்று ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் கேட்பார். ஆகவே நான் திட்டம் போட்டேன். பாரிசில் நான்கு இரவு, ரயிலில் லண்டன் போய்ப் பெரியம்மா வீட்டில் நான்கு இரவு, மறுபடி பாரிஸ் வந்து மகளுக்காக டிஸ்னிலேண்ட், அங்கிருந்து சிங்கப்பூர். போக வரச் சலுகை விலையில் விமானச் சீட்டு கிடைத்தது. அதனால்தான் பாரிசிலிருந்து பாரிஸ்.

எங்கள் மூவருக்கும் பிரான்சுக்கு விசா தேவையில்லை. பிரிட்டனுக்கு மட்டும் இ.டி.ஏ. எனும் மின்னியல் அனுமதி. சிங்கப்பூர், மலேசியக் கடப்பிதழ் வைத்திருப்பவர்களுக்கு அது 2025 ஜனவரி 8 முதல் கட்டாயம், குழந்தைகளுக்கும் உண்டு. தலைக்கு 16 பவுண்டு கட்டினோம். கைப்பேசியிலேயே முடிந்தது.

அவருக்கு இரண்டு விசாக்கள். பிரான்ஸ் தரும் ஷெங்கன் விசா, அது செல்லாத பிரிட்டனுக்குத் தனி விசா. வங்கிக் கணக்கு அறிக்கை, முதலாளியின் கடிதம், விடுதிப் பதிவு, 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி, சிங்கப்பூருக்குத் திரும்பி வர நிரந்தரவாசிகள் வைத்திருக்க வேண்டிய மறுநுழைவு அனுமதி என்று ஒரு கோப்பே சேர்ந்தது. எல்லாவற்றையும் நான்தான் அடுக்கினேன். படிவத்தையும் நான்தான் நிரப்பினேன். ஊடகம் படித்தவள், தினமும் செய்தி வாசிப்பவள், படிவம் நிரப்பத் தெரியாதா என்ற மிதப்பு.

அதில் ஒரு கேள்வி: எத்தனை முறை நுழைவு? ஒருமுறை, இருமுறை, பலமுறை என்று மூன்று கட்டங்கள். பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "இது என்ன?" என்றார். "ஒரு பயணம்தானே? ஒண்ணு" என்று சொல்லி முதல் கட்டத்தைக் குறித்தேன். அவர் போய்விட்டார். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது என்பது வரை நினைவிருக்கிறது.

விசா வந்தது. ஒட்டுத்தாளில் அவர் புகைப்படம், தேதிகள், நாள் எண்ணிக்கை எல்லாம் சரியாக இருந்தன. "01" என்றும் ஓர் எண் இருந்தது. அது எங்கள் கண்ணில் பட்டது, மனத்தில் படவில்லை.

பாரிசின் கார் து நோர் நிலையத்தில் லண்டன் ரயில் ஏறும் முறை நமக்குப் புதிது. ரயிலில் ஏறும் முன்பே, மாடியில் இரண்டு நாட்டுக் குடிநுழைவும் முடிந்துவிடும். முதலில் பிரெஞ்சு முகப்பு, வெளியேறும் முத்திரை. சில அடி தள்ளிப் பிரிட்டிஷ் முகப்பு. நம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியையும் ஜோகூர்ச் சோதனைச்சாவடியையும் ஒரே கூடத்துக்குள் வைத்ததுபோல.

பிரெஞ்சு அதிகாரி எங்கள் மூவருக்கும் முத்திரை குத்தினார். நீலக் கடப்பிதழைத் திறந்தவர் நிறுத்தினார். விசாப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு, "இவர் மறுபடி பிரான்சுக்கு வருகிறாரா?" என்று கேட்டார். வருகிறார் என்றேன், கொஞ்சம் பெருமையாகவே. டிஸ்னிலேண்ட் என்றும் சொன்னேன். அவர் அந்த "01"-ஐச் சுட்டிக்காட்டினார். "இந்த முத்திரையைக் குத்திவிட்டால் இவருடைய விசா முடிந்தது. நாள் மிச்சம் இருந்தாலும் திரும்பி வர முடியாது. யோசித்துச் சொல்லுங்கள்" என்றார். குரலில் கடுமை இல்லை.

ரயில் புறப்பட ஐம்பது நிமிடம். அரைமணி நேரத்துக்கு முன் வாயிலை மூடிவிடுவார்கள். ஆக, எங்களுக்கு இருபது நிமிடம்.

ஓரமாக நின்று பேசினோம். லண்டனிலிருந்து அவர் மட்டும் நேரே சிங்கப்பூர் போய்விடலாம். கைப்பேசியில் பார்த்தோம். விடுமுறைக் காலம், ஒருவழிச் சீட்டு 1,400 வெள்ளி. லண்டனில் புது ஷெங்கன் விசா எடுக்கலாமா? வசிக்கும் நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பொதுவிதி. அதற்கு நாள்களும் ஆகும். யாருமே போகாமல் இருக்கலாம். அப்போது அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பத்து வருடமாக அக்காவைப் பார்க்காதவர். ஆனால் அவர்தான் முதலில் பேசினார். "மாப்பிள்ளையத் தனியா விட்டுட்டு நான் எங்கயும் வரல."

"அத்தை, உங்க அக்காவப் பாக்கத்தானே இவ்வளவு தூரம் வந்தோம். நீங்க மூணு பேரும் போய்ட்டு வாங்க. நான் என்ன சின்னப் பிள்ளையா, தொலஞ்சி போக?" என்றார் அவர். கைப்பேசியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார். அந்த 1,400 வெள்ளிப் பேச்சு அதோடு முடிந்தது.

"அப்பாவுக்கு மட்டும் ஏன் கூடாது?" என்று மகள் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. "அப்பா பாஸ்போர்ட் வேற கலர்டா" என்று அவரே சொல்லி, அவளுடைய முதுகுப்பையின் வாரைச் சரிசெய்தார். என் தவறை அவர் தன் கடப்பிதழின் மேல் போட்டுக்கொண்டார் என்பது ரயில் நகர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பெரியம்மா வீட்டு மேசையில் ஐந்து தட்டுகள் இருந்தன. மீன்குழம்பு. நடந்ததைச் சொன்னேன். ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தவர், அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. மாப்பிள்ளைக்கென்று ஒரு சட்டை வாங்கி வைத்திருந்தார். படத்தைப் பார்த்து வாங்கியது, ஓர் அளவு பெரிது.

அவர் அந்த நான்கு நாளும் எங்கே இருந்தார் தெரியுமா? அதே ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் லா ஷப்பேல் வட்டாரத்தில். ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக இருக்கும் இடம். தமிழ்ப் பெயர்ப்பலகைகளைப் பார்த்ததும் பாதிக் கவலை போய்விட்டதாம். காலையில் இடியப்பமும் சொதியும், மாலையில் தேநீரும் வடையும். ஒரு கடைக்காரரிடம் கதையைச் சொல்லிப் புலம்பியிருக்கிறார். அந்த ஐயா கல்லாவிலிருந்து நிமிராமல், "தம்பி, நாலு நாள்தானே. நான் என்ர அம்மாவைப் பதினொரு வருசம் காணேல்லை" என்றாராம். அதற்கு மேல் புலம்பவில்லை என்றார் என் கணவர்.

ஊர் திரும்பிய பிறகு கணக்குப் பார்த்தேன். அவர் பாரிசில் கூடுதலாகத் தங்கிய நான்கு இரவுக்கு 520 யூரோ. ஒருவழிச் சீட்டு வாங்கியிருந்தால் இதைவிட அறுநூறு வெள்ளிச் சொச்சம்தான் அதிகம் ஆகியிருக்கும். டிஸ்னிலேண்டுக்கு அவர் இருந்திருக்க மாட்டார். ஆனால் பெரியம்மாவைப் பார்த்திருப்பார். இருபது நிமிடத்தில் இந்தக் கணக்கு எனக்கு வரவில்லை. விதியைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அந்த அறுநூறு வெள்ளிதான் உறுத்துகிறது.

அதன் பிறகு இந்த விதிகளைக் கொஞ்சம் ஊன்றிப் படித்தேன். நேயர்கள் அடிக்கடி தடுமாறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

நாம் ஐரோப்பா என்று ஒரே சொல்லில் சொல்வது உண்மையில் மூன்று வரைபடங்கள். ஒன்று நிலப்பரப்பு. இன்னொன்று ஐரோப்பிய ஒன்றியம். மூன்றாவது ஷெங்கன். லக்சம்பர்க்கில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள சிற்றூரின் பெயர் அது. 1985 ஜூன் 14 அன்று பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்சம்பர்க் ஐந்தும் அங்கே ஒரு கப்பலில் கையெழுத்திட்டன. இன்று 29 நாடுகள். சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஷெங்கனில் உண்டு. அயர்லாந்தும் சைப்ரசும் ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை. ஆகவே பாரிசிலிருந்து சூரிக் போவது வெளியேறுவது ஆகாது. பாரிசிலிருந்து டப்ளின் போவது வெளியேறுவதுதான்.

விசாவில் உள்ள எண் பயணத்தை எண்ணுவதில்லை, வாசலை எண்ணுகிறது. லண்டன் மட்டுமல்ல, ஒருநாள் சுற்றுலாக்களிலும் இதே பொறி இருக்கிறது. குரோவேஷியாவின் துப்ரோவ்னிக் போனால் பக்கத்து மாண்டநீக்ரோவின் கோட்டோருக்குப் பேருந்தில் அழைத்துப் போவார்கள். மாலையில் திரும்பிவிடலாம் என்பார்கள். கிரேக்கத் தீவுகளிலிருந்து துருக்கிக் கரைக்குப் படகு விடுவார்கள். ஒருமுறை நுழைவு விசாவுடன் அந்தப் பேருந்திலோ படகிலோ ஏறினால் மாலையில் விடுதிக்குத் திரும்ப முடியாது, பெட்டி உள்ளே இருக்கும். இப்படி இடையில் வெளியே போகும் திட்டம் இருந்தால் விண்ணப்பத்திலேயே இரண்டு அல்லது பல நுழைவு கேளுங்கள். ஏன் என்பதைப் பயணத் திட்டத்தில் காட்டுங்கள். கேட்டதெல்லாம் கிடைக்கும் என்றில்லை. அதனால் கையில் வந்ததும் அந்த எண்ணைப் படியுங்கள். நான் படிக்கவில்லை.

எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிப்பது என்பதிலும் இளைஞர்கள் சிலர் குறுக்குவழி தேடுகிறார்கள். "அந்த நாடு சுலபமாகத் தருமாம்" என்று கேள்விப்பட்டு அங்கே போடுவது. விதி எளிது: அதிக நாள் எங்கே தங்குகிறீர்களோ அந்த நாடு, நாள்கள் சமமென்றால் முதலில் கால்வைக்கும் நாடு. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாளாவது இருக்க வேண்டும், ஆனால் அந்த 15-ஐ நம்பாதீர்கள். முடிவு சொல்ல 45 நாள்வரை எடுத்துக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டு. 2024 ஜூன் முதல் கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, ஆறு வயது முதல் பதினொன்று வரை 45. நிராகரித்தால் பணம் திரும்பாது.

சிவப்புக் கடப்பிதழ்காரர்கள் சிரிக்க வேண்டாம். உங்களுக்கும் கணக்கு உண்டு. எந்த நாளை எடுத்தாலும், அதிலிருந்து பின்னோக்கி 180 நாளுக்குள் ஷெங்கனில் இருந்த நாள்கள் 90-ஐத் தாண்டக்கூடாது. நுழையும் நாளும் வெளியேறும் நாளும் சேர்த்தி. மடிக்கணினியோடு ஐரோப்பாவில் சுற்றிக்கொண்டிருந்த மலேசிய நேயர் ஒருவர், 80 நாள் முடிந்துவிட்டது, குரோவேஷியா போய் ஒரு மாதம் இருந்துவிட்டு வரலாம், நாள் புதிதாக எண்ணப்படும் என்று யாரோ சொன்னதாகக் கேட்டார். அது பழைய கதை. குரோவேஷியா 2023 ஜனவரியிலேயே ஷெங்கனில் சேர்ந்துவிட்டது. ருமேனியா, பல்கேரியாவும் 2025 ஜனவரி முதல் முழுமையாக உள்ளே. இன்னொன்று, உள்ளே நுழைந்து வெளியேறுவதால் கணக்கு பூஜ்யமாவதும் இல்லை, 180 நாள் சாளரம் நகர்ந்துகொண்டே இருக்கும். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார்.

உங்கள் கடப்பிதழ் வெளியிடப்பட்டுப் பத்தாண்டுக்குள் இருக்க வேண்டும், ஷெங்கனை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகு குறைந்தது மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கையெல்லாம் இதுவரை மை முத்திரைகளைப் புரட்டிப் பார்த்து மனிதர்கள் எண்ணினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் இ.இ.எஸ். என்ற கணினிப் பதிவு படிப்படியாக வரத் தொடங்கியது. முழு நடைமுறைக்கு அறிவித்த நாள் 2026 ஏப்ரல் 10. முகப்படம், விரல்ரேகை எடுப்பார்கள். 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு விரல்ரேகை கிடையாது. முதல்முறை போகிறவர்கள் வரிசைக்குக் கூடுதல் நேரம் ஒதுக்குங்கள். விசா தேவைப்படாத நமக்கும் எட்டியாஸ் என்ற முன்னனுமதி 2026-இன் கடைசிக் காலாண்டில் வருவதாக அறிவித்திருக்கிறார்கள். கட்டணம் 20 யூரோ; 18 வயதுக்குக் கீழும் 70-க்கு மேலும் இலவசம். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறைக்குத் திட்டமிடுபவர்கள் சீட்டு வாங்கும் முன் ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் பார்த்துவிடுங்கள். அதே பெயரில் கூடுதல் பணம் பிடுங்கும் போலித் தளங்களும் உண்டு.

கணினி தவறாமல் எண்ணும், நல்லதுதான். ஆனால் அன்று அந்த அதிகாரி முத்திரையைக் குத்திவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கலாம். அது அவர் வேலையில் குறை ஆகியிருக்காது. பின்னால் வரிசை நீண்டிருந்தும் எங்களை நிறுத்திக் கேட்டார். அவர் கேட்காமல் இருந்திருந்தால், நான்கு நாள் கழித்து லண்டன் செயின்ட் பாங்கிரஸ் நிலையத்தில் என் கணவர் ஒரு பக்கமும் நாங்கள் மறுபக்கமும் நின்றிருப்போம். இயந்திரம் அப்படி நிறுத்திக் கேட்குமா என்று எனக்குச் சந்தேகம்.

நிறம் கலந்த குடும்பங்களுக்கு ஒன்று சொல்வேன். திட்டத்தைச் சிவப்பிலிருந்து தொடங்காதீர்கள், நீலத்திலிருந்து தொடங்குங்கள். அவருக்கு எது சுலபமோ அந்தப் பாதையில் மற்ற மூவரும் நடக்கலாம். நான் தலைகீழாகச் செய்தேன்.

பெரியம்மாவுக்கு முழங்கால் இப்போது பரவாயில்லை. ஆனால் விமானம் ஏறும் எண்ணம் இல்லை. இந்த ஆண்டுக் கடைசியில் நாங்கள் மறுபடி போகிறோம். பாரிஸ் கிடையாது, நேரே லண்டன், அதே வழியில் திரும்பல். அவருடைய பழைய பிரிட்டிஷ் விசா ஆறு மாதத்தோடு காலாவதியாகிவிட்டது, புதிதாக எடுக்க வேண்டும். என் இ.டி.ஏ. இரண்டு ஆண்டு செல்லும். அம்மா இடையில் கடப்பிதழைப் புதுப்பித்துவிட்டார். அனுமதி பழைய கடப்பிதழோடு போய்விட்டதால் அவருக்கு மறுபடி கட்ட வேண்டும். இம்முறை படிவத்தை அவரே நிரப்புகிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டால் மட்டும் பதில் சொல்கிறேன்.